பதினொன்று முப்பத்தெட்டு

ஹாலெவீர்ட்
14 பிப்ரவரி 2023

விட்ஸ்கே அவர்களுக்கு,

அண்ணி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. மூன்றரை வருடமாக வாயில் வராத சொல் பேனாவில் மட்டும் எப்படி வரும்?

நான் மறுபடி உண்டாகியிருக்கிறேன். ஆறாம் மாதம் நடக்கிறது. உங்களுக்கும் உங்கள் தம்பி மைன்டர்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. வாழ்த்துக் கேட்டு எழுதவில்லை. ஒரு கேள்வி கேட்க எழுதுகிறேன்.

இந்தத் தடவை வீட்டில் பிரசவம் கிடையாது, நகரத்து மருத்துவமனையில்தான் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். "போன தடவை என்ன நடந்துச்சுன்னு எனக்கு நிமிஷக் கணக்குல தெரியணும். காகிதம் எல்லாத்தையும் வாங்கிட்டு வாங்க" என்றார். வாங்கினேன். ஒன்று, நீங்கள் மருத்துவச்சியாக இருந்து உங்கள் கையால் எழுதிய பிரசவக் குறிப்பேடு. இன்னொன்று, ஆம்புலன்ஸ் மையத்தின் பதிவு.

இரண்டையும் சமையல் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உங்கள் குறிப்பேடு சொல்கிறது: காலை 11:10 பெண் குழந்தை. நஞ்சுக்கொடி விழவில்லை. 11:35 ரத்தப்போக்கு. 11:38 ஆம்புலன்ஸ் அழைப்பு. மையத்தின் பதிவு சொல்கிறது: அழைப்பு வந்தது 12:01.

இருபத்து மூன்று நிமிடம் எங்கே போனது?

மயக்கத்தில் இருந்தவளுக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிடாதீர்கள். எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அன்று அக்டோபர் மாதத்து முதல் திங்கட்கிழமை. பன்னிரண்டு மணிக்கு அபாயச் சங்கு சோதனைக்காக ஊதியது. நாடு முழுக்க மாதாமாதம் ஊதுகிற சங்கு, யாரும் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்கள். நான் மட்டும் எனக்குத்தான் ஊதுகிறார்கள் என்று நினைத்தேன். கீழே நனைந்துகொண்டே இருந்தது. உங்கள் ஒரு கை எனக்குள்ளே, இன்னொரு கை வயிற்றின் மேலே. சங்கு நின்ற பிறகுதான் கீழே மைன்டர்ட் போனில் முகவரி சொல்கிற குரல் கேட்டது. அதற்கு முன்னால் இல்லை. எனக்கு அது கனவில்கூட மாறி வருவதில்லை.

ஆக, நீங்கள் காத்திருந்தீர்கள். "நான் பாத்துக்கிறேன்" என்று உங்கள் கெட்டிக்காரத்தனத்தை நம்பிக் காத்திருந்தீர்கள். பிறகு பேனாவை எடுத்து நேரத்தைப் பின்னால் தள்ளி எழுதினீர்கள். என் உடம்பிலிருந்து மூன்று லிட்டர் ரத்தம் போனது. குறுகலான படிக்கட்டில் ஸ்ட்ரெச்சர் இறங்காது என்று ஜன்னல் வழியாக மூட்டை மாதிரி இறக்கினார்கள்.

போனில் கேட்டால் நாளைக்கு "நான் அப்படிச் சொல்லலையே" என்பீர்கள். அதனால் எழுத்தில் பதில் வேண்டும்.

கழிவறைச் சுவரில் தொங்கும், சொந்தக்காரர்கள் பிறந்தநாள் எழுதிய நாள்காட்டியிலிருந்து உங்கள் பெயரை இன்னும் அடிக்கவில்லை. தினமும் அங்கே உட்கார்ந்து உங்கள் பெயரைப் பார்க்கிறேன். அந்த இடம் உங்களுக்குப் பொருத்தம்தான்.

நின்கே

&nbsp;

அமெலாண்ட் தீவு
23 பிப்ரவரி 2023

அன்புள்ள நின்கே,

வாழ்த்துகள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், உன் கடிதத்தில் அதற்கு இடமே விடவில்லை.

இரண்டாவது, இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்? "எழுத்தில் வேண்டும்" என்பது உன் பேச்சு மாதிரி இல்லை. வக்கீல் பேச்சு மாதிரி இருக்கிறது. வக்கீல் இருந்தால் அவர் முகவரியைக் கொடு, "நீங்கள்" போட்டு மரியாதையாக அவருக்கே எழுதிவிடுகிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். 11:38 என்று எழுதியது நான். அது பொய் இல்லை. 12:01 என்று மையம் பதிந்திருக்கிறது. அதுவும் பொய் இல்லை. இதற்கு மேல் இந்த விஷயத்தில் ஒரு வரியும் எழுத மாட்டேன். குற்றம் வேண்டுமென்றால் ஒன்று தருகிறேன், வைத்துக்கொள். என் போன் கீழே ஆணியில் தொங்கிய என் கோட்டுப் பைக்குள் இருந்தது. மாடியில் என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்திருக்க வேண்டும். இருபது வருடம் அந்த வேலை செய்தவளுக்கு அந்தப் புத்தி இல்லை. அதனால்தான் நான் அந்தத் தொழிலை விட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. இப்போது படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறேன். போகிறவர்கள் போகிறார்கள், வருகிறவர்கள் வருகிறார்கள், யாருக்கும் ரத்தம் போவதில்லை.

இப்போது நான் கேட்கிறேன். தேதி என்ன? முதல் பிரசவம் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. இரண்டாவது இன்னும் வேகமாக வரலாம். ஹாலெவீர்டிலிருந்து மருத்துவமனைக்கு முக்கால் மணி நேரம். வலி எடுக்கும்போது வீட்டில் உன்னோடு யார் இருப்பார்கள்?

இதற்கு மட்டும் பதில் போடு.

விட்ஸ்கே

&nbsp;

ஹாலெவீர்ட்
8 மார்ச் 2023

விட்ஸ்கே அவர்களுக்கு,

இரண்டும் பொய் இல்லையாம். நல்ல பதில். பாதிரியார்கூட இப்படிப் பூசி மெழுக மாட்டார்.

வக்கீல் யாரும் இல்லை. ஆனால் உங்களுக்கு வக்கீல் ஞாபகம் வந்ததை மனதில் குறித்துக்கொண்டேன்.

கேட்டதற்குப் பதில்: தேதி ஜூன் 12. கூட இருக்கப்போவது மைன்டர்ட். மே நடுவிலிருந்து லீவு போடுகிறார். வலி எடுத்தால் போன் பண்ணுவது அவர் வேலை. ஊர்த் தீயணைப்புப் படைக்கு அவர்தான் தலைவர், அவரை விட நிதானமான ஆள் எனக்கு எங்கே கிடைக்கும்? அன்றைக்கும் என்னை ஜன்னல் வழியாக இறக்கும்போது கீழே நின்று ஏணி வண்டியை நடத்தியவர் அவர்தான். ஊர்ப் பத்திரிகையில் படம் போட்டு எழுதினார்கள். "பெண்டாட்டியைத் தானே மீட்ட வீரர்" என்று கடைக்காரர் இன்றும் அவருக்கு ஒரு ரொட்டி சும்மா கொடுக்கிறார். உங்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் நேற்று முன்தினம் ஒன்று நடந்தது.

திங்கட்கிழமை, மாதத்தின் முதல் திங்கள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மைன்டர்ட் சூப்புக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "கொட்டகைல ஒரு வேலை இருக்கு" என்றார். சங்கு ஊதி முடிந்து பத்து நிமிடம் கழித்து வந்தார். சூப்பு ஆறிப்போயிருந்தது. அப்போதுதான் உறைத்தது. போன மாதமும் இதே மாதிரி எழுந்து போனார். அதற்கு முந்தைய மாதமும். வேறு யாரோ இருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆறு மாத வயிற்றோடு அப்படி நினைக்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

போன் ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முதல் திங்களும் 11:59க்கு ஒரே எண். அமெலாண்ட் எண். உங்கள் எண்.

பேச்சே இல்லை என்று நினைத்திருந்தேன்! என் எதிரில் உங்கள் பெயர் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர், மூன்றரை வருடமாக மாதம் தவறாமல் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார். அதுவும் அந்தச் சங்கு ஊதுகிற நேரத்தில். அக்காவும் தம்பியும் என் முதுகுக்குப் பின்னால் எதைப் பேசி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? குறிப்பேட்டில் போட்ட நேரத்துக்கு அவரையும் சாட்சி சொல்லப் பழக்குகிறீர்களா?

அவரிடம் இன்னும் கேட்கவில்லை. முதலில் உங்கள் கதையைக் கேட்கிறேன். பிறகு அவர் கதையோடு ஒத்துப்பார்க்கிறேன்.

நின்கே

&nbsp;

அமெலாண்ட் தீவு
15 மார்ச் 2023

நின்கே,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இதை மட்டும் அனுப்புகிறேன்.

மே மாதம் பிறந்ததும் நீ ஹாலெவீர்டில் இருக்காதே. மருத்துவமனைக்குப் பக்கத்தில் உன் சிநேகிதி திர்க்யே வீடு இருக்கிறதே, அங்கே போய்த் தங்கு. குழந்தை யில்டாவையும் கூட்டிக்கொண்டு போ. ராத்திரி பகல் எந்த நேரமும் உன் போன் உன் கையில் இருக்கட்டும். அவசரம் என்றால் நீயே கூப்பிடு. வேறு யாரையும் கூப்பிடச் சொல்லாதே.

ஏன் என்று கேட்காதே. என்னைத் திட்டுவதானால் திட்டிக்கொண்டே போய்த் தங்கு.

விட்ஸ்கே

&nbsp;

ஹாலெவீர்ட்
21 மார்ச் 2023

விட்ஸ்கே அவர்களுக்கு,

"வேறு யாரையும்" என்றால் யாரை? வீட்டில் இருப்பது நானும் மைன்டர்டும் மூன்று வயதுக் குழந்தையும். யில்டாவையா சொல்கிறீர்கள்?

உங்கள் கடிதத்தை முதலில் அடுப்பில் போடத்தான் போனேன். சொந்தத் தம்பியின் மேலேயே புழுதி வாரிப் போடுகிறாளே என்று வயிறு எரிந்தது. பிறகு அந்த எரிச்சலோடு யில்டாவின் ஆல்பத்தை எடுத்து உட்கார்ந்தேன். முதல் படம் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. மருத்துவமனையில் எடுத்தது. நான் சுவர் நிறத்தில் படுத்திருக்கிறேன். மைன்டர்ட் குழந்தையை வைத்திருக்கிறார். பக்கத்தில் தட்டில், பெண் பிறந்தால் கொடுக்கிற, ரோஜா நிறச் சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க். யாரும் அதைக் கடிக்கவில்லை. மைன்டர்டின் நெற்றியில், வலது புருவத்துக்கு மேலே, பெரிய பிளாஸ்திரி.

ஸ்ட்ரெச்சர் கம்பி இடித்துவிட்டது என்று அன்று சொன்னார். நானும் நம்பினேன். நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது?

சனிக்கிழமை படையில் அவரோடு இருக்கும் தியாகெ காபி குடிக்க வந்தார். மைன்டர்ட் மரம் எடுக்க வெளியே போன நேரம் பார்த்துப் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "உங்க ஸ்ட்ரெச்சர் இவரு மண்டைய உடைச்சுதாமே?" என்றேன். தியாகெ சிரித்தார். "ஐயோ, அந்தப் பழிய எங்க மேல போடாதம்மா. நாங்க வண்டிய விட்டு இறங்கறப்பவே அவன் நெத்தியில ரத்தம். உன்னோட ரத்தம்னு நினைச்சேன். தொடைச்சா, தொடைக்கத் தொடைக்க வருது. என்னடா இதுன்னு கேட்டா, ஏணிய நேராப் போடுடான்னு என் மேலயே எரிஞ்சு விழுந்தான்" என்றார்.

நான் அவருக்கு இரண்டாவது கோப்பை காபி ஊற்றினேன்.

அண்ணி, பாருங்கள், இப்போது கை வருகிறது. பயத்தில் வருகிறது. இத்தனை நாளாக நான் ஒரே ஆளைத்தான் சந்தேகப்பட்டேன். உங்களை. அது சுகமாக இருந்தது. இப்போது பக்கத்தில் தூங்குகிற மனிதரின் நெற்றித் தழும்பைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறேன். வயிற்றில் இது உதைக்கிறது. இது வெளியே வருகிற அன்று யாருடைய கையில் என் உயிரைக் கொடுப்பது என்று எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் என் கேள்வி.

ஏப்ரல் 3 முதல் திங்கள். அதற்குள் உங்கள் பதில் வரவில்லை என்றால், பன்னிரண்டு மணிக்குக் கொட்டகைக்குப் போய் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கி நானே உங்களிடம் கேட்பேன். அவர் எதிரிலேயே கேட்பேன்.

நின்கே

&nbsp;

அமெலாண்ட் தீவு
28 மார்ச் 2023

அன்புள்ள நின்கே,

எழுதுகிறேன். தம்பிக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நீ என்னை வெறுத்தால் அது புதிதல்ல. அவனை வெறுப்பாயோ என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்று எல்லாம் முறையாகத்தான் இருந்தது. கட்டில் மட்டும்தான் கோணல். உயர்த்தும் கட்டைகளை வாடகைக்கு எடுக்கச் சொன்னால், கஞ்சன், பீர் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்திருந்தான். நீகூட வலிக்கு நடுவில், "நான் என்ன பிரசவத்துக்குப் படுக்கறேனா, சாராயக் கடைல படுக்கறேனா?" என்று கேட்டாய். மூன்று பேரும் சிரித்தோம். உதவிக்கு வர வேண்டிய பெண் கால்வாய்ப் பாலம் தூக்கியிருந்ததால் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். யில்டா சுலபமாகப் பிறந்தாள். நஞ்சுக்கொடி விழவில்லை. அதுவும் நடப்பதுதான், காத்திருக்கலாம். 11:35க்கு ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை.

11:38க்கு அவனிடம் சொன்னேன். "கீழ போ. ஆம்புலன்ஸ கூப்பிடு. ரத்தம் நிக்கலன்னு சொல்லு." அவன் "சரிக்கா" என்றான். அந்த ஏணி மாதிரிப் படிக்கட்டில் தடதடவென்று இறங்கிய சத்தம் கேட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு அதைத்தான் எழுதினேன். நான் சொன்ன நேரம் அது.

அதன் பிறகு என் இரண்டு கையும் உன் கர்ப்பப்பையை நசுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. எடுத்தால் நீ போய்விடுவாய். "மைன்டர்ட்!" என்று இரண்டு தடவை கத்தினேன். பதில் இல்லை. எனக்குப் பயம் வரவில்லை, கேட்டுக்கொள். நிம்மதிதான் வந்தது. உங்கள் படைக்காரர்களின் பழக்கம் எனக்குத் தெரியாதா? அழைப்புப் போனதும் ஒருவன் தெரு முனையில் போய் நின்று வண்டிக்குக் கை காட்டுவான். அவனும் அங்கே போய் நிற்கிறான் என்று நினைத்தேன். வண்டி இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவன் தெரு முனையில் இல்லை. சமையலறைத் தரையில் இருந்தான்.

இதை அவன் மூன்று நாள் கழித்து மருத்துவமனை வாசலில் நின்று எனக்குச் சொன்னான். கீழே போய் போனை எடுத்தானாம். அவன் கையெல்லாம் உன் ரத்தம். போன் வழுக்கியதாம். கையைப் பார்த்தவன் அப்படியே சாய்ந்திருக்கிறான். மேஜை விளிம்பு நெற்றியைப் பிளந்தது. நெருப்புக்குள் போகிறவன், விபத்தில் நசுங்கிய கார்களை வெட்டித் திறக்கிறவன், உன் ரத்தத்தைப் பார்த்து விழுந்துவிட்டான்.

அது மட்டும் என்றால் அவன் வெட்கப்பட்டிருப்பான், மறந்திருப்பான். மயக்கம் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டதாம். விழித்துவிட்டான், நின்கே. போன் ஓரடி தூரத்தில் கிடந்ததாம். நான் கத்தியதும் கேட்டதாம். எழ முடியவில்லை என்றான். "கால் இருந்துச்சுக்கா. கை இருந்துச்சு. மேல அவ செத்துட்டான்னு தோணிடுச்சு. போன் பண்ணினா அது நெஜமாயிடும்னு உக்காந்துட்டேன்" என்றான். சங்கு ஊதியதும்தான் உடம்பு தானாக எழுந்திருக்கிறது. பதினைந்து வருடம் சங்குக்கு எழுந்து பழகிய உடம்பு. அப்போதுதான் போன் பண்ணினான். பிறகு படை வந்தது, ஏணி வந்தது, பத்திரிகைக்காரன் வந்தான்.

"அவகிட்ட சொல்லாதக்கா. சொன்னா என்ன விட்டுட்டுப் போயிடுவா" என்று என் கோட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான். நீ அப்போதே என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாய். ஒரு ஆளைத்தானே வெறுக்கிறாள், அது நானாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். பெரிய தியாகம் என்று எண்ணிக்கொள்ளாதே. போனைக் கோட்டில் விட்ட குற்றத்துக்கு அது எனக்கு வசதியான தண்டனையாக இருந்தது.

முதல் திங்கள் போன் இதற்குத்தான். சங்கு ஊதும்போது அவனால் தனியாக இருக்க முடியாது. பேசவும் மாட்டான். "ஊதுது" என்பான். "ம்" என்பேன். ஊதி முடிந்ததும் வைத்துவிடுவான். சதி இல்லை.

ஆனால் வலி எடுத்தால் போன் பண்ண அவன் மட்டும்தான் என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் அந்த மூன்று கடிதத்தையும் எழுதிக் கிழித்தேன். வாக்காவது ஒன்றாவது. திர்க்யே வீட்டுக்குப் போ.

உன் அண்ணி
விட்ஸ்கே

&nbsp;

ஹாலெவீர்ட்
11 ஏப்ரல் 2023

அண்ணி,

உங்கள் கடிதத்தை நான் உடனே நம்பவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குற்றத்தைத் தம்பியின் தலையில் கட்டுகிறீர்களோ என்று ஒரு வாரம் நினைத்தேன். அதனால் 3ஆம் தேதி அவர் எழுந்து போனதும் நானும் செருப்பில்லாமல் பின்னாலேயே போனேன். கொட்டகையின் பின்பக்கப் பலகையில் ஒரு இடுக்கு இருக்கிறது.

அந்த நான்கு பீர் பெட்டிகளில் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். போன் காதில். சங்கு ஆரம்பித்தது. "ஊதுது" என்றார். நீங்கள் "ம்" என்றிருப்பீர்கள். முடிகிறவரை தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே திரும்பி வந்து சூப்பைச் சுட வைத்தேன்.

எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லக்கூடாது. முன்கூட்டியே அவரை எச்சரித்தீர்கள் என்று தெரிந்தால் அத்தோடு நம் உறவு முடிந்தது. அவராகச் சொல்கிறாரா என்று பார்க்கிறேன். சொல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. சில நாள் பாவமாக இருக்கிறது. சில நாள் அந்தச் சும்மா கிடைக்கும் ரொட்டியை அவர் வாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால் தூக்கிச் சாக்கடையில் எறியலாம் போல இருக்கிறது. ஊர் கை தட்டியபோது நானும்தானே கை தட்டினேன்.

மே முதல் வாரம் யில்டாவோடு திர்க்யே வீட்டுக்குப் போகிறேன். டாக்டரம்மா எதற்கும் காத்திருக்க வேண்டாம் என்கிறார். ஊசி போட்டு வலி வரவழைக்கத் தேதி குறித்துவிட்டார். ஜூன் 5. நாள்காட்டியைப் பார்த்தீர்களா? முதல் திங்கள். வேறு தேதி கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை.

அன்று அறைக்குள் நீங்கள் இருக்க வேண்டும். என் பக்கத்தில். வருவீர்களா?

நின்கே

&nbsp;

அமெலாண்ட் தீவு
17 ஏப்ரல் 2023

நின்கே,

ஜூன் 4ஆம் தேதி மாலைப் படகுக்கு எனக்கு நானே டிக்கெட் கிழித்து வைத்துவிட்டேன்.

மருத்துவச்சியாக வரவில்லை. அவர்கள் வேலையில் தலையிட மாட்டேன். உன் அண்ணியாக வருகிறேன். அவனிடம் எதுவும் சொல்லவில்லை. சத்தியம் செய்தால் நம்ப மாட்டாய் என்பதால் செய்யவில்லை.

விட்ஸ்கே

&nbsp;

மருத்துவமனை, நான்காம் மாடி
7 ஜூன் 2023

அண்ணி,

நீங்கள் நேற்றுப் படகேறும் முன் கேட்டீர்கள், "அவன் எப்படி மேல வந்தான்? நீ என்ன சொன்ன?" என்று. நான் சிரித்து மழுப்பிவிட்டேன். மைன்டர்ட் பக்கத்தில் இருந்தார். இப்போது யில்டாவைக் கூட்டி வரப் போயிருக்கிறார். எழுதிவிடுகிறேன்.

திங்கள் காலை எட்டு மணிக்கு நம்மை வாசலில் இறக்கிவிட்டு, "கார நிறுத்திட்டு வர்றேன்" என்று போனவர். பத்து மணிக்கு நீங்கள் கேட்டீர்கள், "அப்படி எந்த நாட்டுலதான் நிறுத்தறான்?" எனக்கு வலி வேறு. மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டேன், இன்றைக்கும் கீழேதான் இருக்கிறார், இன்றைக்கும் கீழேதான் என்று.

பையன் 11:41க்குப் பிறந்தான். உடனே அழவில்லை என்று பக்கத்து அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "அவனோட போங்க அண்ணி!" என்று உங்களைத் துரத்தினேன். நஞ்சுக்கொடி விழுந்துவிட்டது. ஆனாலும் ரத்தம் வந்தது. டாக்டரம்மாவும் இரண்டு நர்ஸும் என் மேலே. ஊசி, குழாய், வயிற்றில் அழுத்தம். யாரும் யாரையும் கூப்பிடப் போக வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் "நின்னுடுச்சு" என்றார் டாக்டரம்மா. அடுத்த அறையிலிருந்து அவன் கத்தலும் கேட்டது. நான் அழுதேன்.

அப்போது சங்கு ஊதியது.

ஊதத் தொடங்கிய அதே நேரத்தில் நாற்காலியில் கிடந்த உங்கள் கோட்டுக்குள் போன் அடித்தது. அண்ணி, மறுபடியும் கோட்டுக்குள்! இருபது வருட மருத்துவச்சி, மூன்றரை வருடம் அதற்காகவே தீவில் போய் உட்கார்ந்தவர்! நர்ஸை எடுத்துத் தரச் சொன்னேன். திரையில் "தம்பி" என்று இருந்தது. பச்சையை அழுத்திக் காதில் வைத்தேன். எதுவும் பேசவில்லை.

"ஊதுதுக்கா" என்றார்.

நான் "ம்" என்றேன். நீங்கள் சொல்கிற மாதிரி.

"கீழ லிஃப்ட் வாசல்லதான் நிக்கிறேன். காலைலேருந்து நிக்கிறேன். கதவு தொறக்குது, மூடுது. ஏற முடியல. அவ... சொல்லுக்கா. இருக்காளா?"

ஜன்னலிலும் சங்கு, போனிலும் சங்கு. இரண்டும் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றது.

"இருக்கேன்" என்றேன்.

மூச்சுச் சத்தம்கூட இல்லை. திரும்பவும் விழுந்துவிட்டாரோ என்று பயந்தே போனேன். "விழுந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நின்கே?" என்றார். பிறகு, "உனக்குத் தெரியுமா?"

"மார்ச்சிலேருந்து தெரியும்."

"ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. இரண்டு மாதமாக மனதில் அடுக்கி வைத்திருந்த ஏச்சு அத்தனையும் அந்த நேரத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "மேல ஏறி வாங்க. விழுந்தா விழுங்க. இங்க டாக்டருங்க இருக்காங்க" என்றேன்.

லிஃப்டில் வரவில்லை. நான்கு மாடியும் படியேறி வந்தார். கதவைத் திறந்தவர் கண்ணில் முதலில் பட்டது கட்டிலுக்கு அடியில் மாற்றாமல் கிடந்த துணி. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவருக்கே தெரிந்தது. விழுவதற்கு முன்னால் அவராகவே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். தலையைக் குனிந்து முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் மேலே, கட்டில் பக்கம் நீட்டினார். நீங்கள் பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது பார்த்தது அதைத்தான். நான் அந்தக் கையைப் பிடித்திருந்தேன்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். வீட்டுக்குப் போனதும் சண்டை இருக்கிறது, பெரிய சண்டை. அந்த ரொட்டிக் கடைக்காரரிடம் அவரே போய்ச் சொல்ல வேண்டும் என்றிருக்கிறேன். "சொல்றேன்" என்றிருக்கிறார். பார்க்கலாம். அவர் சொல்வதை நான் இனிமேல் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பேன், அது போகாது.

ஜூலை 3 அடுத்த முதல் திங்கள். பன்னிரண்டு மணிக்கு உங்களுக்குப் போன் வராது. பதற வேண்டாம். கொட்டகையில் இன்னொரு பீர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, பையனை மடியில் வைத்துக்கொண்டு, நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள்
நின்கே